மொதல் தடவை கிரேக்கத் தீவுகளுக்குப் போறீங்களா? கப்பல் ரூட்டைப் பாத்துட்டு ஆரம்பிங்க

கிரேக்கத் தீவுன்னா எல்லாருக்கும் கண்ணு முன்னாடி வர்றது அந்த ஒரு போட்டோதான், வெள்ளைச் சுவரு, நீலக் குவிமாடம், கீழ கடல். பாதிப்பேரு அந்தப் போட்டோவை வச்சே பிளான் போட ஆரம்பிச்சு, சாண்டோரினி, மிக்கோனோஸ், கிரீட், கோர்ஃபு, ரோட்ஸ்னு கேள்விப்பட்ட பேரையெல்லாம் ஒரே வாரத்துக்குள்ள திணிச்சுடுறாங்க, அப்புறம் பெட்டியத் தூக்கிக்கிட்டு துறைமுகத்துக்கும் ரூமுக்கும் அலையறதுலயே லீவு கரைஞ்சு போயிடுது. மொதல் தடவை போறவங்க யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். எந்தத் தீவு அழகுன்னு தேடாதீங்க, எல்லாமே அழகுதான். ஒரே கப்பல் ரூட்ல அடுத்தடுத்து வர்ற ரெண்டு தீவைப் புடிங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏதென்ஸை வைங்க. மத்த வேலையெல்லாம் இதுக்கப்புறம் தானா வரிசையா வந்துடும்.

மேப்பை ஒருதடவை நல்லா விரிச்சுப் பாருங்க. கிரீஸ்ல ஆள் வசிக்கிற தீவு மட்டுமே 200க்கு மேல, அதெல்லாம் கூட்டம் கூட்டமா பிரிஞ்சு கெடக்கு. ஏதென்ஸுக்குத் தென்கிழக்கால இருக்கறது சைக்ளேட்ஸ், சாண்டோரினி, நாக்ஸோஸ், பாரோஸ், மிக்கோனோஸ், மீலோஸ், டீனோஸ் எல்லாம் இதுலதான். துருக்கிக் கரைய ஒட்டி இருக்கறது டோடெகனீஸ், ரோட்ஸும் கோஸும் அங்க. கோர்ஃபு, கெஃபலோனியா, ஸாகிந்தோஸ் எல்லாம் நாட்டுக்கு மேற்குப் பக்கம், அயோனியன் கடல்ல, அங்க மழை ஜாஸ்தி, பச்சை ஜாஸ்தி, வீடுங்க கூட வெனிஸ்காரங்க ஆண்ட சாயல்ல இருக்கும். கோர்ஃபுவையும் சாண்டோரினியையும் கப்பல்ல சேக்க முடியாது, நடுவுல ஒரு நாடே இருக்கு, ஏதென்ஸ் வந்து ஃபிளைட் மாறித்தான் போகணும். கிரீட் தனி உலகம், கிழக்கால இருந்து மேற்கால வரைக்கும் சுமார் 260 கிலோமீட்டர், க்னோஸோஸ் அரண்மனை, சமாரியா பள்ளத்தாக்கு, ஹானியா பழைய ஊருன்னு அதுக்கே ஒரு வாரம் வேணும். அதை "ரெண்டு நாள் கிரீட்"னு பிளான்ல சொருகாதீங்க.

மொதல் தடவைக்கு நான் கைகாட்டுறது சைக்ளேட்ஸ்தான். ஏதென்ஸை ஒட்டி இருக்க பிரேயஸ் துறைமுகத்துல கெளம்பி பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினின்னு ஒரே வரிசையில கப்பல் போகுது, வெயில் காலத்துல தெனமும் இருக்கும். பாரோஸுக்கும் நாக்ஸோஸுக்கும் நடுவுல ஒரு மணி நேரம்கூட இல்ல, நாக்ஸோஸ்ல இருந்து சாண்டோரினிக்கு ரெண்டு மணி நேரம், கப்பலைப் பொறுத்து முன்னப் பின்ன ஆகும். பத்து ராத்திரி கையில இருந்தா ஏதென்ஸ் ரெண்டு, நாக்ஸோஸ் நாலு, சாண்டோரினி மூணு, திரும்ப ஏதென்ஸ் ஒண்ணுன்னு பிரிச்சுக்கோங்க. ஏழு ராத்திரிதான்னா ஒரு தீவை விட்டுடுங்க, நான்னா சாண்டோரினியத்தான் விடுவேன், நெறைய பேரு ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல. நாலே நாள்தான்னா தூரமே போக வேணாம், பிரேயஸ் பக்கத்துலயே சரோனிக் தீவுங்க இருக்கு. ஏஜினாவுக்கு வேகப் படகுல முக்கா மணி நேரம்தான், பிஸ்தாவும் அஃபாயா கோயிலும் அங்க பேர் போனது. ஹீத்ரா ரெண்டு மணி நேரம், அந்தத் தீவுல காரே கெடையாது, உங்க பெட்டிய கழுதை சுமந்துட்டு வரும்.

எப்ப போறதுன்னு முடிவு பண்றது இதுக்கு அடுத்து. மே கடைசியில இருந்து ஜூன் நடு வரைக்கும், அதை விட்டா செப்டம்பர். செப்டம்பர்ல கடல் வெயில்காலம் முழுக்க சூடாகி வச்சிருக்கும், தண்ணியில எறங்க சுகமா இருக்கும், மே மாசம் குளுரும். ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம், வெலை, வெயில் மூணும் உச்சம், கூடவே மெல்டெமின்னு ஒரு வடகாத்து இருக்கு, வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், மழை வாசனையே இருக்காது, ஆனா காத்து மட்டும் ரெண்டு மூணு நாளு விடாம அடிக்கும், சைக்ளேட்ஸ்தான் அதுக்கு நேரா மாட்டுற எடம். ஆகஸ்ட் 15 மேரி மாதா திருநாள், ஊருக்குப் போற கிரேக்கக் குடும்பங்களால கப்பலெல்லாம் நெறைஞ்சு வழியும். டீனோஸ் தீவுல அன்னிக்கு துறைமுகத்துல இருந்து மாதா கோயில் வரைக்கும் ஏத்தத்துல முட்டி போட்டே போற பக்தர்களைப் பாக்கலாம், அதைப் பாக்கணும்னே போறவங்களைத் தவிர மத்தவங்க அந்த வாரத்தைத் தவிர்க்கறது நல்லது. மே 1 அன்னிக்கும் கப்பல் பயணம் வச்சுக்காதீங்க, அன்னிக்கு கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் வழக்கமா நடக்கறது. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சின்னத் தீவுகள்ல பாதிக் கடைக்கு மேல மூடிக் கெடக்கும்.

தேதி முடிவானதும் விசா. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், அதாவது ஐரோப்பாவுல நெறைய நாட்டுக்கும் சேத்து ஒரே விசா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா தேவையில்ல. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாளு, ஆனா அவ்ளோ இழுக்காதீங்க, சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கெடைக்கறதே கஷ்டம், மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா நிம்மதி. கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ஷெங்கனை விட்டு வெளிய வர்ற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். டிராவல் இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு கவர் ஆகணும். கிரீஸோட இத்தாலியையும் சேத்துப் போறீங்கன்னா எந்த நாட்டுல அதிக நாளோ அந்த நாட்டுக்கிட்டதான் விண்ணப்பிக்கணும். பேப்பர் எல்லாத்துலயும் தேதி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு உக்காந்து சரிபாருங்க, ஹோட்டல் புக்கிங் பத்து ராத்திரி, இன்சூரன்ஸ் ஒம்போது நாளுன்னு இருந்தா வீணா கேள்வி வரும். ரூமெல்லாம் இலவசமா கேன்சல் பண்ற மாதிரி போட்டு வைங்க, விசா வந்ததும் உறுதி பண்ணிக்கலாம்.

கப்பல் டிக்கெட்டுக்கு இவ்ளோ முன்னாடி பதறவே வேணாம். வெயில்கால டைம்டேபிளை கம்பெனிங்க முழுசா வெளியிடறதே வருஷ ஆரம்பத்துலதான், டிசம்பர்ல தேடிட்டு "நாக்ஸோஸுக்குக் கப்பலே இல்ல போல"ன்னு நெறைய பேரு பயந்துடுறாங்க. ஃபெர்ரிஹாப்பர் மாதிரி சைட்ல எல்லாக் கம்பெனி நேரமும் ஒரே எடத்துல தெரியும். ரெண்டு ஜாதிக் கப்பல் இருக்கு. ப்ளூ ஸ்டார் மாதிரி பெரிய கப்பல், மெதுவாப் போகும், மேல் தளத்துல வெளிய உக்காந்துக்கலாம், கேன்டீன் இருக்கும், பிரேயஸ்ல இருந்து நாக்ஸோஸுக்கு அஞ்சரை மணி நேரம் ஆகும், சாண்டோரினிக்கு ஏழு எட்டு மணி நேரம். இன்னொண்ணு சீஜெட்ஸ் மாதிரி வேகக் கப்பல், நேரம் மிச்சம், வெலை கூடுதல், பெரும்பாலும் உள்ளயே கண்ணாடிக்குள்ள உக்காந்து போகணும், அலை இருந்தா ஆட்டம் தாங்காது. வாந்தி வர்ற ஆளுங்க யோசிக்காம பெரிய கப்பலுக்குப் போங்க, நடுப்பகுதியில கீழ் தளத்துல உக்காருங்க, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரைய முன்னாடியே போட்டுட்டுப் போங்க, ஏறி உக்காந்தப்புறம் போட்டா அது வேலை செய்யறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். எனக்குப் பெரிய கப்பல்தான் புடிக்கும். அஞ்சு மணி நேரம் வீணாப் போகுதுன்னு நெனைக்காதீங்க, தீவு ஒண்ணொண்ணா தூரத்துல பழுப்பு மேடாத் தெரிஞ்சு கிட்ட வந்து வெள்ளை ஊரா மாறுறதைத் தளத்துல நின்னு பாக்கறதும் இந்தப் பயணத்துல சேத்திதான்.

துறைமுகத்தைப் பத்தி கொஞ்சம் விலாவரியாச் சொல்றேன், மொதல் தடவை போறவங்க தடுமாறுற எடம் இதுதான். டிக்கெட்ல பிரேயஸா, ரஃபீனாவா, லாவ்ரியோவான்னு மொதல்ல பாருங்க, மூணும் ஏதென்ஸைச் சுத்தி வெவ்வேற மூலையில இருக்கு. டீனோஸ், மிக்கோனோஸ் போறவங்களுக்கு ரஃபீனா ஏர்போர்ட்ல இருந்து கிட்ட. பிரேயஸுக்கு ஏர்போர்ட்ல இருந்து நேரா மெட்ரோ இருக்கு, நீல லைன், ஒரு மணி நேரம், 9 யூரோ, எங்கயும் மாற வேணாம். ஆனா காலையில ஏழு ஏழரைக்கே கப்பல் இருந்தா மெட்ரோவை நம்ப முடியாது, எக்ஸ்96 பஸ் ராத்திரி முழுக்க ஓடும், அதைப் புடிங்க, இல்லன்னா மொத ராத்திரியே பிரேயஸ் பக்கம் தங்கிடுங்க. பிரேயஸ் துறைமுகம் ரொம்பப் பெருசு, ஈ-1ல இருந்து ஈ-12 வரைக்கும் கேட்டு. சைக்ளேட்ஸ் கப்பல் நெறைய ஈ-7 பக்கம் நிக்கும், அது மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்லயே, ஈ-1 எங்கயோ தள்ளி. கேட் நம்பரை மொத நாளே பாத்து வச்சுக்கோங்க, ஒரு மணி நேரம் முன்னாடி அங்க இருங்க, கப்பல் சொன்ன நேரத்துக்குக் கெளம்பிடும். மெட்ரோவுல பெட்டியோட நிக்கறப்ப பர்ஸு, பாஸ்போர்ட் மேல ஒரு கை இருக்கட்டும், ஜேப்படி ஆளுங்களுக்குத் தோதான லைன் அது.

கப்பல்ல ஏறுறது லாரி, கார் போற அதே பின்வாசல் வழியாத்தான். உள்ள போனதும் ரெண்டு பக்கமும் இரும்பு ரேக்கு, அதுல எறங்குற தீவோட பேரு எழுதியிருக்கும், உங்க தீவு ரேக்குல பெட்டிய வச்சுட்டு கைப்பைய மட்டும் எடுத்துட்டு மேல ஏறிடுங்க. எறங்கறப்பதான் கவனம் வேணும். தீவு வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி அறிவிப்பு வரும், ஒடனே கீழ எறங்கிடணும். கீழ லாரி இன்ஜின் எல்லாம் ஸ்டார்ட் ஆகி டீசல் பொகை அடிக்கும், ஜனம் பெட்டியோட நெருக்கி நிக்கும், சங்கிலி சத்தத்தோட பின்கதவு எறங்க ஆரம்பிக்கறப்ப கப்பல் முழுசா நின்னுகூட இருக்காது, வெளிச்சம் உள்ள பாயும், விசில் ஊதுவாங்க, அவ்ளோதான், எல்லாரும் வெளிய. சில தீவுல கப்பல் நிக்கறதே அஞ்சு பத்து நிமிஷம்தான், மேல உக்காந்து காபிய முடிச்சுட்டு வரலாம்னு இருந்தா அடுத்த தீவுலதான் எறங்கணும்.

நாக்ஸோஸ்ல கப்பல் உள்ள நொழையறப்பவே இடது பக்கம் ஒரு சின்னத் திட்டு மேல பெரிய பளிங்கு வாசல் ஒண்ணு தனியா நிக்கறது தெரியும், போர்டாரான்னு பேரு. கிறிஸ்துவுக்கு முன்னாடி ஆறாம் நூற்றாண்டுல அப்போலோங்கற கிரேக்க சாமிக்குக் கட்ட ஆரம்பிச்சு முடிக்காமலே விட்ட கோயிலோட வாசல், சாயங்காலம் நடந்தே போய் அங்க உக்காந்துக்கலாம், டிக்கெட்டு கிடையாது. பஸ் துறைமுகத்துல இருந்தே அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாக்கா கடற்கரைக்கெல்லாம் போகும், மணல் நைஸா இருக்கும், தண்ணி ரொம்ப தூரத்துக்கு ஆழமில்ல, கொழந்தைங்களோட போறவங்களுக்கு இதைவிட நல்ல எடம் சைக்ளேட்ஸ்ல கஷ்டம். ஒரு நாளை மலை ஊருங்களுக்கு ஒதுக்குங்க. ஹால்கி, ஃபிலோடி, அபெய்ரான்தோஸ், இதுல அபெய்ரான்தோஸ்ல தெருவே பளிங்கு. தீவோட வடகோடியில அப்போலோனாஸ்ல பழைய கல்குவாரியில பத்து மீட்டருக்கு மேல நீளமா ஒரு செலை பாதி செதுக்கினபடியே மல்லாந்து கெடக்கு, இருபத்தஞ்சு நூற்றாண்டுக்கு மேல அப்படியேதான். ஸாஸ் மலை 1,004 மீட்டர், சைக்ளேட்ஸ்லயே உசரம், நடக்கப் புடிச்சவங்க காலையில சீக்கிரம் ஏறுங்க.

சாண்டோரினியில எல்லாரும் கேக்கறது ரூம் எங்க போடறதுன்னு. எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளத்துல கடல் நெறைஞ்சு கெடக்கு, அதான் கால்டெரா, அந்த விளிம்புலதான் ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா மூணும். அந்த வியூவுக்கு வெலை எக்கச்சக்கம், சீசன்ல ஒரு ராத்திரிக்கு 300 யூரோவைத் தாண்டுறது சாதாரணம். மறுபக்கம் கமாரி, பெரிஸா கருப்பு மணல் கடற்கரைப் பக்கம் அதுல பாதிக்கும் கீழ கெடைக்கும், பஸ்ஸு எல்லாம் ஃபிராவை மையமா வச்சுத்தான் ஓடுது, ரெண்டு மூணு யூரோதான். என்னோட யோசனை, ரெண்டு ராத்திரி பெரிஸா பக்கம், மனசு கேக்கலன்னா ஒரே ஒரு ராத்திரி விளிம்புல. ஓயா சூரிய அஸ்தமனத்துக்குக் கோட்டைச் சுவர்கிட்ட தோளோட தோள் இடிச்சு நிப்பாங்க, அதே சூரியன் இமெரோவிக்லியிலயும் தெரியும், உக்காந்து பாக்கலாம். கப்பல் சுற்றுலாக்காரங்க பகல்ல வந்து எறங்கி சாயங்காலம் திரும்பிடுவாங்க, அதனால ஓயாத் தெருவைக் காலையில ஏழு மணிக்கு நடந்து பாருங்க. ஃபிராவுல இருந்து ஓயாவுக்கு விளிம்பு மேலயே 10 கிலோமீட்டர் நடை இருக்கு, மூணு நாலு மணி நேரம், நெழலே கெடையாது, தண்ணி, தொப்பி, நல்ல ஷூ இல்லாம கெளம்பாதீங்க. ஃபிராவுல இருந்து கீழ பழைய துறைமுகத்துக்குக் கழுதை சவாரி உண்டு, அந்த வெயில்ல அந்த ஜீவன்களைப் பாத்தா ஏற மனசு வராது, கேபிள் கார் இருக்கு, அதுல போங்க.

அக்ரோதிரியை மட்டும் விட்டுடாதீங்க. சுமார் 3,600 வருஷம் முன்னாடி எரிமலைச் சாம்பல்ல முழுசாப் பொதைஞ்ச ஊரு, 1967ல ஸ்பிரிடோன் மரினாடோஸ்னு ஒரு தொல்பொருள் ஆய்வாளர் தோண்ட ஆரம்பிச்சாரு. ரெண்டு மாடி மூணு மாடி வீடு, படிக்கட்டு, சாக்கடைக் கால்வாய், தானியச் சாடியெல்லாம் வச்ச எடத்துலயே நிக்குது, மனுஷ எலும்புக்கூடுதான் கெடைக்கல, ஜனம் முன்னாடியே தப்பிச்சுப் போயிருக்கணும்னு நெனைக்கறாங்க. மேல கூரை போட்டிருக்கறதால மத்தியான வெயிலுக்கு ஏத்த எடம். அங்க கெடைச்ச சுவர் ஓவியங்கள்ல சிலது ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் மியூசியத்துல இருக்கு, சிவப்புப் பாறை மேல லில்லிப்பூ, குருவிங்க பறக்கறது, ரெண்டு பசங்க குத்துச்சண்டை போடறதுன்னு. ஏதென்ஸ்ல மொத ரெண்டு நாள்ல அதைப் பாத்துட்டு வந்தீங்கன்னா இங்க வெறும் சுவரைப் பாக்கறப்ப அந்த வீட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு மனசுல ஓடும். ஏதென்ஸ்ல குன்று மேல இருக்க பழைய கோயில் கோட்டை அக்ரோபோலிஸுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து 30 யூரோ, நேரம் குறிச்ச டிக்கெட்டு, காலையில மொத ஸ்லாட்டை ஆன்லைன்லயே எடுத்துடுங்க, வெயில் ரொம்ப ஏறுற நாள்ல மத்தியானம் மூடிடுறாங்க.

சாப்பாட்டுக்கு சைவக்காரங்க கவலையேபட வேணாம். அங்க சர்ச் விரத நாளு வருஷத்துல ஏகப்பட்டது, அதுக்குன்னே கறி, முட்டை, பால் இல்லாத சமையல் ஒரு தனி வகையா இருக்கு, டவர்னாவுல, அதாவது அந்த ஊரு சாப்பாட்டுக் கடையில, "நிஸ்டீசிமா என்ன இருக்கு"ன்னு கேட்டா ஒடனே புரிஞ்சுடும். அதுல சிலது கணவாய், இறால் போட்டதா இருக்கும், அதையும் ஒருவார்த்தை கேட்டுக்கோங்க. யிகாண்டெஸ்னு பெரிய வெள்ளை மொச்சைய தக்காளியில வேகவச்சுத் தருவாங்க, ப்ரியாம்னா கத்திரி, உருளை, சுரை வகைக் காய் எல்லாம் எண்ணெயில சுட்டது, சாண்டோரினி ஃபாவா கிட்டத்தட்ட நம்ம பருப்புக் கடைசல்தான், மேல வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டு ரொட்டியோட வரும், தக்காளி வடை மாதிரி தொமாடோகெஃப்டேதெஸும் அங்கதான் விசேஷம். டோல்மாதேஸ் (திராட்சை இலையில சுத்தினது), கெமிஸ்டா (தக்காளி, குடமிளகாய்க்குள்ள அரிசி அடைச்சது) ரெண்டும் சில எடத்துல கொத்துக்கறி வச்சுச் செய்வாங்க, கேட்டுட்டு வாங்குங்க. காரம் மருந்துக்கும் இருக்காது, பருப்புப்பொடி ஒரு பாக்கெட் பெட்டியில போட்டுக்கோங்க. ஒம்போது மணிக்கு மேலதான் ஊர்க்காரங்க ராத்திரி சாப்பாட்டுக்கு வர ஆரம்பிப்பாங்க. கேக்காம வைக்கிற ரொட்டிக்கு பில்லுல ஒரு யூரோ ரெண்டு யூரோ சேரும், அது அங்க வழக்கம்.

சின்னச் சின்ன விஷயம் சிலது. சைக்ளேட்ஸ்ல கொழாய்த் தண்ணி குடிக்க நல்லாருக்காது, பாட்டில் வாங்கிக்கோங்க, ஏதென்ஸ்ல கொழாய்த் தண்ணியே குடிக்கலாம். டாய்லெட் பேப்பரைக் கக்கூஸுக்குள்ள போடக்கூடாது, பக்கத்துல கூடை இருக்கும், அதுல. ரூம் வாடகைக்கு மேல ஒரு அரசாங்க வரி இருக்கு, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மூணு ஸ்டார்னா ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 5 யூரோ, நாலு ஸ்டார் 10, அஞ்சு ஸ்டார் 15, இதைப் பெரும்பாலும் நேர்லதான் வாங்குவாங்க. ஏடிஎம்ல பேங்க் மெஷினைத் தேடி எடுங்க, ரூபாய்ல கழிக்கவா யூரோவுல கழிக்கவான்னு கேட்டா எப்பவும் யூரோ. கார் எடுக்கணும்னா இந்திய லைசென்ஸோட ஆர்டிஓவுல இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிட்டுப் போகணும், அங்க போய் வாங்க முடியாது. நாலு சக்கர பைக்கு வாடகைக்கு எல்லா முக்குலயும் தருவாங்க, மலை வளைவுல சரளைக் கல்லுல அது கவுந்து அடிபடறவங்க நெறைய, இன்சூரன்ஸ் பாலிசியில அதுக்கு கவர் இருக்கான்னு படிச்சுப் பாக்காம தொடாதீங்க.

கடைசியா, திரும்பற நாளு. எந்தக் காரணத்துக்காகவும் தீவுல இருந்து கப்பல்ல வந்து அதே நாள் வெளிநாட்டு ஃபிளைட்டைப் புடிக்கிற மாதிரி போடாதீங்க, கடைசி ராத்திரி ஏதென்ஸ்லதான். காத்து வேகத்தை அளக்கற போஃபோர்ட் அளவுல எட்டைத் தொட்டா பொதுவாத் துறைமுக அதிகாரிங்க கப்பலை நிறுத்திடுவாங்க, வேகக் கப்பல் அதுக்கும் முன்னாடியே நின்னுடும், யாருகிட்ட கத்தியும் பிரயோஜனமில்ல. கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காத்து நெலவரத்தைப் பாருங்க, நீங்க தங்கியிருக்க வீட்டுக்காரங்களைக் கேட்டா இன்னும் சரியாச் சொல்லுவாங்க. மோசமாத் தெரிஞ்சா துறைமுகத்துல இருக்க டிக்கெட் ஏஜென்சிக்குப் போய் முந்தின நாள் பெரிய கப்பலுக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. கம்பெனியே ரத்து பண்ணிட்டா காசைத் திரும்ப வாங்கிக்கலாம், இல்ல அடுத்த கப்பல்ல எடம் கேக்கலாம், ஊருக்குப் போற ஃபிளைட் பக்கத்துல இருக்கவங்க அடுத்த கப்பலைக் கேளுங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கேளுங்க.